சொல்லிச் செய்த கிதாரும் சோதித்துப் பார்க்கும் கைகளும்

நகையைச் சொல்லிச் செய்துகொள்வது போலவே இசைக்கருவியையும் தன் கைக்கும் காதுக்கும் ஏற்பச் செய்வித்துக்கொள்வது தமிழ்நாட்டு வீணைக் கலைஞர்களிடமும் மிருதங்கக் கலைஞர்களிடமும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கடையில் தொங்கும் வரிசையிலிருந்து எடுத்து வாங்கும் பொருளாகவே பெரும்பாலோர் அறிந்திருந்த கிதார், இவ்வழக்கத்துக்குள் மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. புதுச்சேரி நகரை ஒட்டி, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்து, 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற ஆரோவில்லில், எரிசா நியோகி என்னும் கைவினைஞர் கேட்போரின் தேவைக்கேற்பக் கிதார்களைக் கையால் செய்து தருகிறார். அங்கேயே 2003 முதல் இயங்கிவரும் ‘ஸ்வரம்’ என்னும் அமைப்பு, சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களைப் பயிற்றுவித்துப் பலவகை இசைக்கருவிகளை உருவாக்கிவருகிறது. இத்தொழிலைச் செய்பவரைப் பிரெஞ்சு மொழி ‘லூத்தியே’ என்று அழைக்கிறது; ‘லூத்’ என்னும் பழைய நரம்புக் கருவியின் பெயரிலிருந்து பிறந்து, பின்னர் வயலின், கிதார் செய்வோரையும் குறித்த இச்சொல், தெருப்பலகைகளில் இன்னும் பிரெஞ்சைத் தாங்கி நிற்கும் நகரத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அவ்வாறு செய்வித்த கிதாரைச் சக வாசிப்பாளர்களிடம் காட்டுவது, புது நகையை உறவினரிடம் காட்டுவதிலிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறது. நகையைப் பார்ப்பவர் கண்ணோடு நிறுத்திக்கொள்வார்; கிதாரைப் பார்ப்பவரோ கையில் வாங்கி, மடியில் வைத்து, தட்டி, மீட்டி, அதன் குறையைத் தேடுவார். ஆகவே இந்தக் காட்டுதல் பாதி பெருமை, பாதி பரீட்சை.

பரீட்சை எதன்மேல் நடக்கிறது என்பதை அறியக் கருவியின் உள்ளமைப்பைக் காணவேண்டும். மின்சாரத்தின் துணையின்றி மரப்பெட்டியின் அதிர்வாலேயே ஒலிக்கும் கிதார் அக்கூஸ்டிக் கிதார் எனப்படுகிறது. மெல்லிய கம்பி தன்னந்தனியே அதிர்ந்தால் காற்றைப் போதிய அளவு அசைக்க இயலாது. கம்பிகளைப் பிடித்துநிற்கும் ‘பிரிட்ஜ்’ என்னும் மரக்கட்டை அவ்வதிர்வை மேற்பலகைக்குக் கடத்த, அகன்ற அப்பலகை காற்றை அசைத்து ஓசையைப் பெருக்குகிறது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இப்பலகையை, ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. பலகை வளைந்துவிடாதிருக்க அதன் அடிப்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்கள் ஒட்டப்படுகின்றன; அவற்றுள் முதன்மையான இரண்டைப் பெருக்கல் குறிபோல் குறுக்கிட அமைக்கும் முறை, 1840களில் அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறைக் கிதார்களில் வேரூன்றி, இன்று எஃகுக் கம்பிக் கிதார்களுக்குப் பொதுவிதியாகிவிட்டது.

பலகையைத் தடிப்பாக விட்டால் கருவி பல்லாண்டு உழைக்கும், ஆனால் ஊமையாகிவிடும். மெலிதாகச் சீவினால் பாடும், ஆனால் சில ஆண்டுகளில் வயிறு புடைத்துக்கொள்ளும். தொழிற்சாலை எல்லாப் பலகைகளையும் ஒரே தடிமனில் அறுப்பதால், வந்து சேரும் பலகைகளுள் மிகவும் நலிந்ததும் தாங்கும்படி அந்த அளவை முடிவு செய்கிறது. கைவினைஞரோ பலகையின் ஓரத்தை இரு விரல்களால் பிடித்துத் தொங்கவிட்டு, சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவர்போல் முட்டியால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டுக்கேட்டுச் சிறிது சிறிதாகச் சீவுகிறார். சொல்லிச் செய்த கிதாருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தக் கேட்டலுக்கே உரியது. ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தே தோரஸ் 1862இல், பக்கங்களையும் முதுகையும் காகிதக்கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து ஒரு கிதாரை உருவாக்கியதும் ஓசையின் பிறப்பிடம் மேற்பலகையே என்பதை மெய்ப்பிக்கத்தான் என்பர். அக்கருவி இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இருந்தும், கருவி கைமாறியவுடன் பார்ப்பவர்கள் செய்யும் முதற்காரியம் அதைத் திருப்பி முதுகைப் பார்ப்பதுதான். அங்கே ஊதாவும் பழுப்பும் கலந்த வரிகளோடு ஈட்டி மரம் இருந்தால் பாராட்டு உடனே கிடைத்துவிடும். தோதகத்தி என்றும், ஆங்கிலத்தில் இந்திய ரோஸ்வுட் என்றும் வழங்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969 இறுதியில் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியதிலிருந்து உலகக் கிதார்களில் இதற்கு நிலையான இடம் உண்டு. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992இல் தடை வந்தது. 2017இல் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தும் அனுமதிச் சீட்டு முறைக்குள் கொண்டுவரப்பட்டு, 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் முதுகு மரத்தின் புகழில் கண்ணுக்குள்ள பங்கே பெரிது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரங்களாலான ஒரே மாதிரி ஆறு கிதார்களை 52 வாசிப்பாளர்களிடம் மங்கிய ஒளியில், மரம் தெரியாதபடி கண்ணாடி அணிவித்துக் கொடுத்தபோது, அவர்கள் வழங்கிய மதிப்பீடுகளில் பெரிய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை என்று 2018இல் வெளியிட்டனர். ஈட்டி அழகாக வளையும், ஈரத்தில் எளிதில் உருக்குலையாது. அதற்காக அதைத் தேர்ந்தெடுப்பது நியாயமே.

தேர்ந்த வாசிப்பாளர் முதுகைப் பார்த்து முடித்ததும் கிதாரின் தலைப்பக்கத்தைக் கண்ணருகே உயர்த்தி, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதுபோல் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளுள் 12ஆவதன்மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கவனிப்பார். ‘ஆக்‌ஷன்’ எனப்படும் இவ்வுயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் விரலுக்கு இதம், கூடினால் வலி, மிகக் குறைந்தால் கம்பி உலோகத்தில் உரசிக் கரகரக்கும். பிறகு அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் தொட்டும், அழுத்தியும் மீட்டி இரண்டு சுரங்களும் ஒன்றா என்று கேட்பார். வீணையில் ஃபிரெட்டுக்கு இணையான 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்படுவதால், சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மீண்டும் வைத்துக்கொள்ளலாம். கிதாரில் ஃபிரெட்டுக்காக வாள் அறுத்த பள்ளம் அறுத்ததுதான். கம்பிகளை இடைவெளிவிட்டுத் தாங்கும் ‘நட்’ என்னும் எலும்புத்துண்டின் அகலம் 43 மில்லிமீட்டரா 44.5 மில்லிமீட்டரா என்பதைக்கூட விரல் பருமனுக்கேற்பச் சொல்லிச் செய்யலாம். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று பார்ப்பவருக்குத் தோன்றும், பிடிக்கும் விரலுக்குத் தோன்றாது.

வாங்கிப் பார்ப்பவருக்கும் சில முறைமைகள் உண்டு. கேட்காமல் எடுத்தலாகாது, இடுப்பு வாரின் கொக்கி முதுகைக் கீறுமாதலால் அதை விலக்கிக்கொள்ள வேண்டும். ‘பிரெஞ்சு பாலிஷ்’ பூசிய கருவியானால் கூடுதல் கவனம் தேவை. பெயரில் பிரான்சும் உடலில் இந்தியாவும் கலந்த இப்பூச்சு, நம் நாட்டில் பெருமளவு விளையும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொதியால் நூறுமுறை தேய்த்து ஏற்றப்படுவது, வியர்வை பட்டால் இளகிவிடுவது.

வியர்வையைவிடப் பெரிய பகை கடற்காற்று. கிதார்ப் பட்டறைகள் 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் இயங்க முயல, புதுச்சேரிக் காற்றோ ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டை எட்டியோ தாண்டியோ நிற்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நார்களின் நீளவாக்கில் வளர்வதில்லை, குறுக்குவாக்கில் விரிகிறது. மேற்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் புடைத்து, கம்பிகளைத் தூக்கிவிடுகிறது. குளிரூட்டிய அறையில் நாள்கணக்கில் கிடந்தாலோ அதே பலகை சுருங்கி வெடிக்கக்கூடும். ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல் பையும் இட்ட கெட்டிப்பெட்டி இவ்வூரில் ஆடம்பரமாகாது.

ஜூன் 21 அன்று பிரெஞ்சு மரபுப்படி இசைவிழா கொண்டாடும் இந்நகரில், கருவியைக் காட்ட வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. ஆயினும் புதிதாகச் செய்வித்தவர் ஒரு மழைக்காலம் பொறுத்திருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து தை பிறந்த பின்பும் 12ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் அரை மில்லிமீட்டருக்குமேல் மாறாதிருந்தால், அந்தக் கிதாரை எவர் கையிலும் தயங்காமல் கொடுக்கலாம்.