ஆண்டிறுதி விடுமுறையும் பொது நூலகமும்: நாம் கேட்டால்தான் தமிழுக்கு இடம்

ஈப்போ – எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த மாணவருக்கு அடுத்து வரும் மாதங்கள் இரண்டுங்கெட்டான் காலம். பள்ளி முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. 2023ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவுகள் 2024 மே 27ஆம் தேதி வெளிவந்தன. 2024ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவுகள் 2025 ஏப்ரல் 24ஆம் தேதி கைக்குக் கிடைத்தன. இந்த இடைவெளியில் பகுதி நேர வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர். முதல் சம்பளம் கைக்கு வந்த பிறகு, "படிப்பு எதற்கு?" என்று அப்படியே நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களுக்கு இது தெரியாத கதை அல்ல.

இந்த மாதங்களைச் செலவில்லாமல் கழிக்க ஓர் இடம் ஈப்போ நகரின் நடுவிலேயே இருக்கிறது. ஜாலான் பங்ளிமா புக்கிட் கந்தாங் வகாப்பில் உள்ள துன் ரசாக் நூலகம்தான் அது. ஈப்போ மாநகர் மன்றம் அதை நடத்துகிறது. இதைத் தவிர, பேராக் மாநில பொது நூலகக் கழகத்தின் நூலகங்களும் மாநிலத்தில் உள்ளன. இவற்றைப் பார்த்திராதவர்கள் குறைவு. உள்ளே போய் ஒரு நிகழ்ச்சியில் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

புத்தகம் இரவல் தருவது மட்டுமல்ல

நூலகம் என்றால் சத்தம் போடாமல் படிக்கும் இடம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உலகின் பல பொது நூலகங்கள் அந்த நிலையைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். வெளியே விளையாட முடியாது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாலும் மனம் சோர்ந்துவிடும். அதனால் அங்குள்ள நூலகங்கள் பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனியாகக் குளிர்கால நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்கின்றன. வாசிப்புச் சவால், எழுத்துப் பட்டறை, கைவினை வகுப்பு, கணினிப் பயிற்சி, வேலை விண்ணப்பம் எழுத உதவி என்று பட்டியல் நீளும். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட ஊடி நூலகத்தில் தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் ஒலிப்பதிவு அறையும்கூட இருக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால் மழைக்காலம் இருக்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் ஈப்போவில் மதியத்துக்கு மேல் கொட்டும் மழையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோவிட் காலத்தில் மார்ச் வரை தள்ளிப்போன பள்ளித் தவணை 2026ஆம் ஆண்டில் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியதால், நீண்ட விடுமுறையும் பழையபடி டிசம்பருக்கே வந்துவிட்டது. மழை, விடுமுறை, தேர்வு முடிவுக்கான காத்திருப்பு ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. குளிர் நாட்டு நூலகங்கள் எந்தக் காரணத்துக்காக நிகழ்ச்சி நடத்துகின்றனவோ, அதே காரணம் இங்கும் இருக்கிறது.

தோட்ட வாசலோடு நின்ற நூலகம்

நம்மவர்கள் நூலகப் பக்கம் அதிகம் போகாததற்குச் சோம்பல் காரணம் அல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த மரம் வளர்ந்து தோட்டங்களாகப் பரவியபோது, அதை நம்பித் தமிழர்கள் வந்தார்கள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித்தான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. நூலகத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் படிப்பும் பெரும்பாலும் முடிந்தது. காலையில் பெரட்டுக்குப் போய், பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வந்தவர்களுக்குப் படிக்கக் கிடைத்தது தமிழ்ப் பத்திரிகைதான். ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றியிருந்தவர்கள் கேட்பார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் தோட்டம் தனியார் நிலமாகவே இருந்தது. அதனால் அரசாங்கத்தின் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பல காலம் தோட்டத்து வாசலோடு நின்றன. கிராமங்களுக்குக் கிராம நூலகம் வந்தது; லயத்துக்கு வரவில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் என்று நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இப்போது இடையில் தோட்டத்து வாசல் இல்லை. ஆனால், மூன்று தலைமுறையாக நூலகமே இல்லாமல் வாழ்ந்த பழக்கம் ஒரே நாளில் மாறுமா?

வாய்ப்புக் கிடைத்தால் நம்மவர்கள் படிக்கவும் எழுதவும் தயங்கியதில்லை. 1950களில் சிங்கப்பூரின் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்ற மலர் எத்தனையோ பிள்ளைகளை எழுத வைத்தது. அதைத் தொட்டுப் பிறந்த மணிமன்றங்கள் மலாயாவின் பல ஊர்களில் இளைஞர்களை ஒன்று சேர்த்தன. ஒரு பத்திரிகைப் பக்கத்தால் அது முடிந்தது என்றால், ஒரு கட்டடமும் நூலகரும் நாற்காலிகளும் இருந்தால் எவ்வளவோ செய்யலாம்.

இளையோருக்கு என்ன? பெரியோருக்கு என்ன?

பதின்ம வயதினரைச் சிறுவர் பகுதியில் உட்கார வைத்தால் வெட்கப்படுவார்கள். பெரியவர்கள் நடுவே விட்டால் ஒதுங்கிவிடுவார்கள். அதனால்தான் நூலகங்கள் அவர்களுக்குத் தனி நேரமும் தனி நிகழ்ச்சியும் வைக்கின்றன. எஸ்.பி.எம். எழுதி முடித்தவர்களுக்கு உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் முறையைக் காட்டும் ஒரு மதியம் போதும். யு.பி.யு. விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான் நடக்கிறது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை கைப்பேசியின் சிறிய திரையில் தட்டுத் தடுமாறி ஒரு தவறான கட்டத்தை அழுத்தினால், விரும்பிய துறை கைநழுவிப் போகலாம். எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் எடுக்கப்போகும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு, விடுமுறையிலேயே பாடநூலைச் சேர்ந்து படிக்கும் ஒரு வாசிப்பு வட்டம் பெரிய உதவி.

பெரியவர்களின் தேவை வேறு. இ.பி.எப். கணக்கைப் பார்ப்பது, வருமான வரிப் படிவத்தை நிரப்புவது, ரஹ்மா உதவித் தொகைக்கு விண்ணப்பிப்பது எல்லாம் இன்று இணையத்துக்கு மாறிவிட்டன. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, தமது சேமிப்பைப் பார்க்கவே பேரனை எதிர்பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. கடவுச் சொல்லை அடுத்தவரிடம் கொடுத்துப் பணத்தைப் பறிகொடுப்பவர்களும் உண்டு. மோசடி அழைப்பை எப்படி அடையாளம் காண்பது, கடவுச் சொல்லை எப்படிக் காப்பது என்று தமிழில் சொல்லித்தரும் இரண்டு மணி நேர வகுப்புக்கு எந்தப் புத்தகக் கண்காட்சியைவிடவும் கூட்டம் வரும்.

இரு தலைமுறையையும் ஒன்றாக உட்கார வைக்கும் நிகழ்ச்சியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கில் தொடங்கிய 'மனித நூலகம்' என்ற முறையில், புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரை அரை மணி நேரம் 'இரவல்' எடுத்து அவருடைய வாழ்க்கையைக் கேட்கலாம். மங்கு, உளி, காண்டா வாளி, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை என்று சொல்லும்போதே கண்முன் காட்சி விரிக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இளையோர் கைப்பேசியில் பதிவு செய்து எழுதி வைத்தால், அதுவே நூலகத்தில் இருக்க வேண்டிய ஆவணம். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2011இல் 'சிங்கப்பூர் நினைவுத் திட்டம்' என்ற பெயரில் பொதுமக்களின் நினைவுகளைத் திரட்டியது. பேராக்கின் தோட்ட நினைவுகளுக்கும் அந்தத் தகுதி உண்டு. அவற்றைச் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

நிகழ்ச்சிகள் எப்படி முடிவாகின்றன?

இதுதான் பலர் அறியாத விஷயம். நூலக நிகழ்ச்சிகளை யாரோ எங்கோ உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர் உறுப்பினர், எந்தப் புத்தகம் எத்தனை முறை இரவல் போகிறது, எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குகளைப் பார்த்தே நூலகர்கள் அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுகிறார்கள். தமிழ்ப் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை என்றால், அடுத்த கொள்முதலில் தமிழ் குறையும். தமிழர்கள் யாரும் வரவில்லை என்றால், தமிழ் நிகழ்ச்சி தேவையில்லை என்ற முடிவுக்கு வருவது இயல்பு. அதில் பகை எதுவும் இல்லை. கணக்கு அப்படிச் சொல்கிறது.

கணக்கை மாற்றுவது வாசகர் கையில்தான் இருக்கிறது என்பதைத் தமிழர் வரலாறே காட்டுகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம், 1933இல் கே.எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டில் வைத்த சிறிய புத்தகச் சேகரிப்புதான். சீர்காழியில் பிறந்து, இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் நூலகத்தைத் தொடக்கி வைத்தார். அவருடைய முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்க வழிசெய்தது. மக்கள் பணத்தில் நடக்கும் நூலகத்தில் மக்களுக்கு உரிமை உண்டு என்பதே அதன் பொருள். ஈப்போவிலும் நிலைமை அதுதான். மாநகர் மன்றத்துக்கு நாம் ஆண்டுதோறும் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். மன்றம் நடத்தும் நூலகத்தில் நாம் விருந்தாளிகள் அல்ல.

சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வாசகர் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. 'பொன்மாலைப் பொழுது' என்ற பெயரில் அங்கே எழுத்தாளர்கள், அறிஞர்களின் உரைகள் நடக்கின்றன. இது பெரிய கட்டடத்தால் மட்டும் முடிகிற காரியம் இல்லை. ஒரு அறை, ஒரு பேச்சாளர், இருபது நாற்காலி போதும்.

என்ன செய்யலாம்?

முதலில், குடும்பத்தோடு போய் உறுப்பினராகுங்கள். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். போகும்போதெல்லாம் ஒரு தமிழ்ப் புத்தகமாவது இரவல் எடுங்கள். தேடிய தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் முகப்பில் கேளுங்கள். கேட்டால்தான் அது ஒரு தேவையாகப் பதிவாகும்.

இரண்டாவதாக, நிகழ்ச்சி வேண்டும் என்றால் எழுதிக் கேளுங்கள். ஆலய இளைஞர் பிரிவு, முன்னாள் மாணவர் சங்கம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என எந்த அமைப்பின் பெயரிலும் கடிதம் கொடுக்கலாம். எந்த வயதினருக்கு, எத்தனை பேர் வருவார்கள், எந்த நாள், யார் நடத்துவார் என்ற நான்கும் கடிதத்தில் இருந்தால் நூலகருக்கு முடிவெடுப்பது எளிது. நவம்பரில் கேட்டு டிசம்பரில் நடத்துவது சிரமம். ஆண்டின் நடுவிலேயே கேட்பது நல்லது. ஜூலை மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுவதால், அப்போதே பேச்சைத் தொடங்கலாம். 2021 முதல் 2030 வரையிலான காலத்தை அரசாங்கம் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அறிவித்திருப்பதையும் கடிதத்தில் நினைவூட்டலாம்.

மூன்றாவதாக, தொலைவில் இருப்பவர்கள். சுங்காய், பீடோர், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களில் இருப்போர் வாராவாரம் ஈப்போவுக்கு வர முடியாது. அவர்கள் நடமாடும் நூலகச் சேவை தங்கள் இடத்துக்கு வருமா என்று மாநில நூலகக் கழகத்திடம் கேட்கலாம். தேசிய நூலகத்தின் யு-புஸ்தாக்கா வழியாக உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே மின்னூல்களை இரவல் பெறலாம். தமிழில் படிக்க வேண்டுமென்றால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளமான நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையம் உள்ள ஒரு கைப்பேசி போதும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், "லீவில் என்ன செய்தாய்?" என்று ஆசிரியர் கேட்பார். எஸ்.பி.எம். முடித்தவர்களிடம் அப்படிக் கேட்க யாரும் இல்லை. அந்தக் கேள்வியைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும், அதுவும் மாதங்கள் ஓடிப்போவதற்கு முன்பே. கேட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை பிள்ளையோடு தாங்களும் நூலகத்துக்குப் போகலாம். இ.பி.எப். கணக்கை எப்படிப் பார்ப்பது என்று அந்தப் பிள்ளையே அங்கு அமர்ந்து பெற்றோருக்குச் சொல்லித் தரலாம்.