பள்ளி ஆற்றுப்படுத்துநர் பயிற்சி: மதிப்பீடும் மேம்பாடும்

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் வேறொரு கலைஞனுக்கு வழி கூறி அனுப்புவதே அதன் பொருளாகும். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் வழியின் இயல்பை விரித்துரைப்பதில் மலைபடுகடாம் தனிச் சிறப்புடையது. பாம்பு உறையும் இடம், கால் வழுக்கும் பாறை, இரவில் தங்குதற்கு உரிய ஊர், அங்குக் கிடைக்கும் உணவு என யாவும் அதில் பேசப்படுகின்றன. கூறுபவன் அவ்வழியே நடந்து வந்தவன் ஆதலின் அவனால் அவ்வாறு கூற இயல்கிறது.

இன்று பள்ளிகளில் மாணவர்தம் மனக்கலக்கத்தைக் கேட்டு, படிப்பிலும் வாழ்விலும் அவர்க்கு வழி தெளியச் செய்யும் பணியாளரை ஆற்றுப்படுத்துநர் என்று சிலர் அழைக்கின்றனர். ஆலோசகர் என்பது நம்மிடையே பெருவழக்கு. ஈழத் தமிழர் இப்பணியை உளவளத்துணை என்பர். ‘கவுன்சலிங்’ என்ற அளவில் நம் மாணவர்க்கு நினைவு வருவதோ, பொறியியற் கல்லூரிகளில் இடம் ஒதுக்கும் கலந்தாய்வுதான்! சொல்லே இவ்வாறு தடுமாறும்போது பணி எவ்வளவு புரிந்துகொள்ளப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். நடந்து அறிந்து கூறும் பொருள் அமைந்திருத்தலின் ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்லையே நாம் இக்கட்டுரையில் ஆளுகிறோம். இப்பணிக்கு ஆள்களை உருவாக்கும் முதுநிலைப் படிப்பை எவ்வாறு மதிப்பிடுவது, எவ்வாறு செம்மைப்படுத்துவது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆய்வுக்களமாக நாம் சின்னாளப்பட்டியை மனத்திற்கொள்கிறோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் அமைந்த நெசவாளர் ஊர் அது. சுங்குடிக்கும் செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பெயர் பெற்றது. அதனை அடுத்தே காந்திகிராமம் உள்ளது. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் அதனை நிறுவினர். 1956இல் அங்குக் கிராமியக் கல்வி நிறுவனம் தோன்றி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆசிரியப் பயிற்சிக்கெனத் தனிக் கல்லூரியும் அவ்வளாகத்தே உண்டு. உயர்கல்வியும் தறிச் சத்தமும் இத்துணை அருகருகே அமைந்த இடம் நம் பகுதியில் வேறில்லை எனலாம்.

எண்ணம் பழையது

பள்ளியில் வழிகாட்டுதல் வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டிற்குப் புதியதன்று. தமிழராகிய ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு அதனை வலியுறுத்திற்று. 1954இல் நடுவண் அரசு கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கெனத் தனிப் பணியகம் ஒன்றைத் தோற்றுவித்தது. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரிக் குழு, பள்ளிதோறும் ஒருவரை அமர்த்த இயலாத நிலையில், பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராயினும் சென்றுவரும் ஆற்றுப்படுத்துநராக இருத்தல் வேண்டும் என்றது. ஐம்பதாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவ்வெளிய பரிந்துரையும் நம் ஊர்ப்புற அரசுப் பள்ளிகளில் முழுமை பெறவில்லை.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2013இல் நடமாடும் ஆலோசனை ஊர்திகள் பள்ளிகளை நாடிச் சென்றன. 2018இல் 14417 என்னும் கல்வி உதவித் தொலைபேசி தொடங்கப்பெற்றது. 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டம் மேற்படிப்பு, தொழில் பற்றிய செய்திகளைப் பள்ளிக்குள் கொணர்ந்தது. அதே ஆண்டில் நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணும் வந்தது. இவை நற்பயன் விளைப்பனவே. எனினும் தொலைபேசியை எடுப்பதற்குத் தனக்குத் துன்பம் உளது என்பதைப் பிள்ளை முதலில் உணர வேண்டும். அதைச் சொல்லச் சொல்லும் வேண்டும். வாய் திறவாத பிள்ளையை வகுப்பின் மூலையில் கண்டுகொள்ளும் கண் பள்ளிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அக்கண்ணை உருவாக்குவது பயிற்சியின் கடன்.

அப்பயிற்சி இல்லாமல் இல்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு வழிகாட்டுதலிலும் ஆற்றுப்படுத்துதலிலும் பட்டயப் படிப்பை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. அதன் பிற்கால வடிவில் ஆறு திங்கள் தொலைநிலைக் கல்வி, மூன்று திங்கள் நேர்முக வகுப்பு, மூன்று திங்கள் சொந்த ஊரில் களப்பயிற்சி என முப்பிரிவு அமைந்தது. பணியிலுள்ள ஆசிரியரும் பயிலத்தக்க நல்ல அமைப்பு இது. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் சென்னை சமூகப்பணிப் பள்ளியும் ஆற்றுப்படுத்தும் உளவியலில் முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன.

எதைக்கொண்டு அளப்பது?

ஒரு படிப்பை மதிப்பிடுக என்றால் நம் கல்விக்கூடங்கள் எடுத்து நீட்டுவன யாவை? சேர்ந்தோர் எண்ணிக்கை, தேர்ச்சி விழுக்காடு, நூலக நூல்கள், நடத்திய கருத்தரங்குகள். இவை வேண்டாதன அல்ல. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் பள்ளிப் பிள்ளையைத் தொடவில்லை என்பது வெளிப்படை. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சிகளை அளக்க நான்கு படிகளை வகுத்தார். பயின்றோர்க்கு அது பிடித்ததா, அவர் கற்றனரா, கற்றதைப் பணியில் கைக்கொண்டனரா, அதனால் விளைவு ஏற்பட்டதா என்பன அவை. நாம் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே அமர்ந்து விடுகிறோம். ஏனைய இரண்டிற்கும் கல்லூரி வாயிலைத் தாண்டி நடக்க வேண்டும். அது வெயிலில் செய்யும் வேலை.

இத்தகைய வேலைக்கு முன்மாதிரி தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. 1959இல் காந்திகிராமத்தில் தொடங்கிய முன்னோடி நலவாழ்வுத் திட்டம் ஆத்தூர் ஒன்றியத்து ஊர்களில் நலப்பணியை நடத்திற்று. எத்தனை பணியாளர் பயிற்சி பெற்றனர் என்பதோடு அத்திட்டம் அமையவில்லை. ஊர்மக்களிடையே பிறப்பு வீதம் குறைந்ததா என்று பார்த்தது. பயிற்சியின் பயனைப் பயிற்சிக்கூடத்தில் தேடாமல் குடும்பங்களில் தேடிய அம்முறையே நமக்கும் வேண்டுவது. பட்டம் பெற்றுச் சென்றவர் மூன்றாண்டு கழித்து எங்குள்ளார், ஆற்றுப்படுத்துநராகவே பணிபுரிகிறாரா, அவர் பணிபுரியும் பள்ளியில் இடைநின்றோர் எத்தனை பேர், அவருள் திரும்பி வந்தோர் எத்தனை பேர் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். இவற்றுக்கு விடை சொல்லும் பதிவேடு ஒன்று துறைதோறும் இருத்தல் வேண்டும்.

முதல் வினாவே பல துறைகளைத் திகைக்க வைக்கும். பணியிடம் இல்லாத பள்ளிக்கு ஆள் உருவாக்கினால், அவர் பாட ஆசிரியராகவோ தனியார் நிறுவனத்து அலுவலராகவோ போய்விடுகிறார். இது பாடத்திட்டத்தின் குறையன்று. எனினும் துறை இதைக் கணக்கெடுத்து அரசின் முன் வைக்காவிடில் வேறு யார் வைப்பர்?

பயிற்சியின் உயிர்

அமெரிக்காவில் இத்தகைய முதுநிலைப் படிப்புகளுக்கு 1981 முதல் தனி ஏற்பளிப்பு மன்றம் உண்டு. அது விதிக்கும் நெறிப்படி மாணவர் முதலில் 100 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும், பின்னர் 600 மணி நேரக் களப்பயிற்சியும் முடித்தல் வேண்டும். அந்த 600இல் 240 மணி நேரமாவது மாணவரோடு நேரில் பணியாற்றியதாக இருத்தல் வேண்டும். வாரந்தோறும் மூத்தவர் ஒருவர் உடனமர்ந்து, நடந்ததைக் கேட்டுத் திருத்துவார். இந்த எண்களை அப்படியே பெயர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. 600 மணி நேரம் ஒருவர் தனியே தவறு செய்துகொண்டிருந்தால் தவறே பழகிப்போகும். உடனமர்ந்து திருத்தும் அந்த ஒரு மணி நேரமே படிப்பின் உயிர். நம்மிடையே மேற்பார்வை என்பது பெரும்பாலும் பதிவேட்டின் இறுதிப் பக்கத்தில் இடும் கையொப்பமாகச் சுருங்கிவிடுகிறது. விடுதி அறையில் அமர்ந்தே நேர்வு ஆய்வுகள் எழுதி முடிக்கப்படுவதும் உண்டு என்பதை ஆசிரியராகிய நாம் அறியாதவர் அல்லேம்.

அம்மேற்பார்வையில் முதலில் கேட்கப்படுவது மொழியாதல் வேண்டும். தமிழாசிரியர் என்ற முறையில் இதனை நாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஆற்றுப்படுத்துதலுக்குக் கருவி மொழியன்றி வேறில்லை. ஆனால் நூல்களும் சோதனைத் தாள்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. சின்னாளப்பட்டிப் பிள்ளைகளுள் வீட்டில் ஒரு மொழியும் வெளியில் தமிழும் பேசுவோர் உளர். மனச்சோர்வு என்னும் சொல் அவர் வாயில் வாராது. ‘வயிறு வலிக்குது’, ‘மனசு சரியில்ல’, ‘தலை கிறுகிறுங்குது’ என்பார்கள். இவற்றைச் செவியேற்றுப் பொருளுணரப் பயிற்சி வேண்டும். வினா எழுப்பும் முறையும் அவ்வாறே. ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று பெரியவர் கேட்டால் அது நம் மொழியில் வினா அன்று, குற்றச்சாட்டு. பிள்ளை உடனே ஒரு பொய்யைத் தேடும். ‘நேற்று என்ன நடந்தது?’ என்றால் அதே பிள்ளை கதை சொல்லத் தொடங்கும். இவ்வேறுபாட்டை ஆங்கில நூல் கற்பிக்காது.

மறைபொருள் காத்தல் இப்பணியின் முதல் அறம். நம் இல்லங்களில் அமானிதம் என்று ஒரு சொல் வழங்குகிறது. நம்பி ஒப்படைத்ததைப் பழுதின்றிக் காப்பது என்று அதற்குப் பொருள். பிள்ளை கூறியது ஆசிரியர் ஓய்வறைப் பேச்சாகிவிட்டால் அடுத்த பிள்ளை அக்கதவைத் தட்டாது. ஆயினும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதை அறிந்தவர் அதனைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. உயிருக்கு ஊறு நேருமெனத் தோன்றும்போதும் வாளாவிருத்தல் கூடாது. காக்கத்தக்கது எது, காக்கவியலாதது எது என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்கு விளங்கச் சொல்லுதல் வேண்டும். பிள்ளை அனைத்தையும் கூறி முடித்தபின் ‘இதை நான் மறைக்க முடியாது’ என்பது நம்பிக்கைக் கேடாக முடியும். தேர்வுத் தாளில் இதற்கு விடை எழுதுதல் எளிது. நடித்துக் காட்டிப் பழகினாலன்றி நேரில் நா எழாது.

களம் அறிதலும் இன்றியமையாதது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வாராமல் நின்றுவிட்டாள் என்று கொள்வோம். தந்தைக்குத் தறியில் வேலையில்லை, கடன் ஏறிவிட்டது, நூற்பாலைக்கு ஆள் சேர்ப்பவர் வீடு தேடி வந்திருக்கிறார். மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைத்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறிய சுமங்கலித் திட்டத்தைத் திண்டுக்கல் மாவட்டம் நன்கறியும். இங்கே ‘உன் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்’ என்பதால் என்ன பயன்? அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு உயர்கல்வியின்போது திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 முதல் உள்ளது என்பதையும், எந்த விடுதியில் இடம் கிடைக்கும், வங்கியில் யாரைக் காண்பது என்பதையும் ஆற்றுப்படுத்துநர் அறிந்திருத்தல் வேண்டும். தந்தையோடு தறிக்குழியருகே அமர்ந்து பேசவும் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது அழைப்பது என்பதும் தெரிதல் வேண்டும்.

காந்திகிராமப் பல்கலைக்கழக மாணவர் ஊர்ப்புறங்களில் சில நாள் தங்கிப் பணியாற்றுவது நெடுநாளைய வழக்கம். ஆற்றுப்படுத்துநர் பயிற்சியும் இதனைக் கொள்ளலாம். பள்ளிக் களப்பயிற்சிக்கு முன்னரே மாணவர் தறிகாரர் தெருவிலும், ஆலைப் பேருந்து வந்து நிற்கும் சாலையோரத்திலும் சில நாள் பழகுவாராயின், பின்னர்ப் பள்ளியில் கேட்கும் கதைகளுக்குப் பின்னுள்ள வீடு அவர்க்குத் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுமோ என முதியோர் சிலர் ஐயுறலாம். ஊதியம் பெறும் நிலையான பணியிடத்தை அரசுதான் தர வேண்டும். அதை வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாது. ஆனால் மேற்பார்வையையும் பதிவேட்டையும் ஒரு துறை தன் அளவில் தொடங்கலாம். சின்னாளப்பட்டியைச் சூழ்ந்த பத்துப் பள்ளிகளைத் தேர்ந்து, பள்ளிக்கு வாரம் ஒரு நாளென இரு பயிற்சி மாணவர் சென்றுவர, வெள்ளிதோறும் மூத்த ஆசிரியர் ஒருவர் அவர்களோடு அமர்ந்து அவ்வாரத்து உரையாடல்களைக் கேட்டுத் திருத்தினால், ஓராண்டு முடிவில் எத்தனை பிள்ளைகள் வந்தனர், மீண்டும் எத்தனை பேர் தாமே வந்தனர் என்ற கணக்கு கையில் இருக்கும். இரண்டாவது எண்ணையே நாம் பெரிதும் நம்புவோம். ஏனெனில் அழைத்துவரப்பட்ட பிள்ளை முதன்முறை வரும், உதவி பெற்ற பிள்ளைதான் தானாக மறுமுறை வரும்.