உப்பும் சீனியும் உயிர் காக்கும்



மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால், அவை நீர்விட்டுச் சுருங்குகின்றன. உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால், அது பருத்துவிடுகின்றது. இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே.

உயிர்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆனவை. ஒவ்வோர் உயிரணுவையும் மிக மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அதனூடே நீர் எளிதாகச் செல்லும். உப்பும் சீனியும் அவ்வாறு செல்லமாட்டா. ஆகவே, அவை மிகுந்துள்ள பக்கத்தை நோக்கி நீர் நகர்கின்றது. இதனையே சவ்வூடு பரவல் என்பர்.

அப்படியாயின், உப்பும் சீனியும் உயிரணுவுக்குள் புகுவது எவ்வாறு? சவ்வில் புரதத்தாலான வாயில்கள் பல உள்ளன. சிறுகுடலில் உள்ள வாயில் ஒன்று விந்தையானது. உப்பிலுள்ள சோடியமும் சீனியிலிருந்து பிரியும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது வழிவிடும். அவை உள்ளே செல்ல, நீரும் பின்தொடரும். இக்கருத்தை 1960ஆம் ஆண்டில் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார்.

வயிற்றுப்போக்கின்போது உடலிலிருந்து நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறுகின்றன. குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து நேர்கின்றது. ஆயினும், அவ்வாயில் அப்பொழுதும் வேலை செய்கின்றது. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுக்கச் செய்தார். அம்முகாமில் நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்த இறப்பு, 4க்கும் கீழே குறைந்தது.

பெற்றோர்களே, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சீனிக் கரைசல் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். அளவு மீறலாகாது. உப்பு மிகுந்தால், மாங்காய்க்கு நேர்ந்ததே பிள்ளையின் உயிரணுக்களுக்கும் நேரும்.

வயிறு போகும் பிள்ளைக்கு நீர் கொடுக்கலாகாது என்பது தவறான எண்ணம். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டா. பிள்ளை சோர்ந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாணவர்களே, இவ்வளவை மனத்தில் பதித்து, வீட்டில் உள்ளோர்க்கும் எடுத்துரையுங்கள். கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படுதலே கல்வியின் சிறப்பு.