குக்கீ டூல் 2.0: எதைச் சேர்க்கலாம், எதை விட்டுடலாம்?

ஃபைனல் இயர் ரிவ்யூல கடைசி ஸ்லைடு எல்லா டீமுக்கும் ஒண்ணுதான்: "எதிர்கால மேம்பாடுகள்". ஏஐ, கிளவுட், மொபைல் ஆப்னு மூணு பாயின்ட் போட்டு முடிச்சிடுவோம். எங்க குக்கீ டூலுக்கும் அப்படித்தான் போட்டிருந்தோம், டெஸ்டிங் அன்னைக்கு வரைக்கும்.

குக்கீ என்பது வெப்சைட் உங்க பிரவுசர்கிட்ட கொடுத்து வைக்கிற சின்னச் சீட்டு. 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி உருவாக்கியது. ஒரு தடவை லாகின் பண்ணா மறுபடி பாஸ்வேர்ட் கேட்காம உள்ளே விடறது இந்தச் சீட்டைப் பார்த்துதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் இந்தச் சீட்டுகளைக் காட்டி, வேண்டாததை அழிக்கிறதுதான் எங்க டூலோட வேலை.

ஈசின்னு நெனச்சோம். ஆனா ஃபயர்பாக்ஸ் ஒரு எஸ்க்யூலைட் ஃபைலில் குக்கீ மதிப்பை அப்படியே எழுதி வைக்கும். குரோமும் எஸ்க்யூலைட்தான், ஆனா மதிப்பை என்கிரிப்ட் பண்ணிடும். சஃபாரிக்குத் தனி பைனரி ஃபைல். தேதிகூட ஒத்துப்போகாது: குரோம் 1601-லேர்ந்து எண்ணும், ஃபயர்பாக்ஸ் 1970, சஃபாரி 2001!

இதையெல்லாம் சமாளிச்சு "எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணு"ன்னு ஒரு பட்டனும் வச்சோம். டீம்மேட்டோட ஃபைலை என் லேப்டாப்பில் இம்போர்ட் பண்ணேன். அடுத்த நிமிஷம் அவனோட அக்கவுன்ட் என் ஸ்கிரீன்ல. பாஸ்வேர்டும் கேக்கல, ஓடிபியும் வரல. "டேய், மொதல்ல மூடுடா!"ன்னு கத்தினான்.

லாகின் குக்கீ போட்டோ இல்லாத ஹால் டிக்கெட் மாதிரி. யார் கையில இருக்கோ, அவங்கதான் ஆளு. இதைத் திருடுற மால்வேரைத் தடுக்கத்தான் 2024 ஜூலையில், விண்டோஸ் குரோம் 127-இல், குக்கீயை வேற ஆப் படிக்க முடியாதபடி புதுப் பூட்டு போட்டாங்க. அந்தப் பூட்டை உடைக்க வழி தேடினா, எங்க டூலுக்கும் மால்வேருக்கும் என்ன வித்தியாசம்?

அதனால புது ஸ்லைடு இது:

1. பூட்டை உடைக்க மாட்டோம். எக்ஸ்டென்ஷனா மாறி, யூசர் அனுமதியோட பிரவுசர்கிட்டயே குக்கீயைக் கேப்போம்.

2. பேர், சைட், காலாவதி தேதி மட்டும் காட்டுவோம். அழிக்கிறதுக்கு மதிப்பு தேவையே இல்ல.

3. எக்ஸ்போர்ட் ஒரு நேரத்துல ஒரு சைட்டுக்கு மட்டும். அந்த ஃபைலும் பாஸ்வேர்ட் போட்டு என்கிரிப்ட் ஆகும்.

4. ஒவ்வொரு பிரவுசருக்கும் தனி மாட்யூல். ஒண்ணு ஃபார்மேட்டை மாத்தினா மத்தது உடையக் கூடாது.

5. அழிக்கும்போது "முதல்ல லாக் அவுட் பண்ணுங்க"ன்னு ஒரு எச்சரிக்கை. குக்கீயை அழிச்சா உங்க கையில இருக்கிற சீட்டுதான் போகும். வேற யாராவது காப்பி எடுத்திருந்தா அது செல்லும். பொதுவா லாக் அவுட் பண்ணாத்தான் சர்வர் அந்தச் சீட்டையே ரத்து பண்ணும்.

இந்த அஞ்சாவது பாயின்ட் உங்களுக்கும்தான். அடுத்த தடவை லேப் சிஸ்டத்துல மெயில் பார்த்துட்டு வெறும் டேபை மூடிட்டு எழுந்திரிக்காதீங்க. லாக் அவுட் பண்ணிட்டுப் போங்க!