சதுரத்தைச் சாய்த்தால் என்ன ஆகும்?



காலாண்டுத் தேர்வில் எனக்கு 3 மார்க் போச்சு. கேள்வி இதுதான்: ஒரு சாய்சதுரத்தின் பக்கம் 5 செ.மீ. மூலைவிட்டங்கள் 6 செ.மீ., 8 செ.மீ. பரப்பளவு என்ன?

நாலு பக்கமும் சமம்தானே என்று 5 × 5 = 25 என்று எழுதிவிட்டேன். சரியான விடை 24. "ஒண்ணுதானே சார் வித்தியாசம், பாதி மார்க்காவது போடுங்க" என்றேன். சார் சிரித்தார். "25 ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார்.

வீட்டில் 5 செ.மீ. நீளத்தில் நாலு ஈர்க்குச்சி வெட்டி, மூலைகளை சைக்கிள் வால்வு டியூப்பால் இணைத்தேன். நேராக வைத்தால் சதுரம். பரப்பளவு 25 ச.செ.மீ. மெதுவாகச் சாய்த்தேன், சாய்சதுரம் ஆனது. பக்கம் மாறவில்லை. சுற்றளவும் அதே 20 செ.மீ.தான். ஆனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே போனது. முழுவதும் சாய்த்ததும் குச்சிகள் ஒட்டிக்கொண்டன. பரப்பளவு பூச்சியம்! அதாவது, பக்கத்தை மட்டும் வைத்து சாய்சதுரத்தின் பரப்பளவைச் சொல்ல முடியாது.

அப்போ எதை வைத்துச் சொல்வது? ஒரு தாளை இரண்டாக மடித்து, குறுக்கே மறுபடி இரண்டாக மடியுங்கள். மடிப்புகள் சேரும் மூலையைச் சாய்வாக வெட்டி, வெட்டிய துண்டை விரியுங்கள். சாய்சதுரம் ரெடி! இரண்டு மடிப்புக் கோடுகளும்தான் மூலைவிட்டங்கள். நாலு முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து வெட்டியவை, அதனால் அச்சு அசல் ஒரே மாதிரி. நடுவில் உள்ள நாலு கோணமும் சமம். 360-ஐ 4-ஆல் வகுத்தால் 90. ஆகவே மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில், சரிபாதியாக வெட்டுகின்றன.

இப்போ என் கணக்குக்கு வருவோம். 6-இல் பாதி 3, 8-இல் பாதி 4. ஒரு முக்கோணத்தின் பரப்பளவு ½ × 3 × 4 = 6. நாலு முக்கோணம் 24! ½ × 6 × 8 என்ற சூத்திரம் வந்தது இப்படித்தான்.

தேர்வுத் தாளில் கையெழுத்து வாங்க பயந்துகொண்டே அப்பாவிடம் நீட்டினேன். அப்பா வேன் ஓட்டுகிறார். படத்தைப் பார்த்தவர் திட்டவில்லை. "இது நம்ம ஜாக்கி மாதிரி இல்ல இருக்கு!" என்று வண்டியிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தார். அதில் படுத்திருக்கும் திருகு ஒரு மூலைவிட்டம். திருகத் திருக அது குட்டையாகிறது, நிற்கும் மூலைவிட்டம் உயர்கிறது. இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால்தான் ஜாக்கியின் மேல்முனை பக்கவாட்டில் சாயாமல் நேராக மேலே எழும்புகிறது. எனக்கு அப்பா கணக்குச் சொல்லிக் கொடுத்தது அன்றுதான்.

மறுநாள் சாரிடம் எல்லாம் சொன்னேன். மார்க் கிடைக்கவில்லை. "சுவர் இதழில் எழுது" என்றார். எழுதிவிட்டேன்!

உங்களுக்கு ஒரு கேள்வி: பக்கம் 13 செ.மீ., ஒரு மூலைவிட்டம் 10 செ.மீ. பரப்பளவு என்ன? 169 என்று மட்டும் எழுதிடாதீங்க!

– 8-ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு