பேசுவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும்



நம் லயங்களில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பீலியடியில் பேசுகிறோம், பெரட்டுக் களத்தில் பேசுகிறோம், கொழுந்து நிறுக்கிற இடத்திலும் பேசுகிறோம். "தண்ணி வரல்ல", "கூரை ஒழுகுது", "பிள்ளைக்குப் பாடம் நடக்கல்ல" என்று நாள் முழுக்கப் பேசினாலும், பேசியது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போவதில்லை. எதை எங்கே பேசுவது என்ற ஒழுங்கு இல்லாததே இதற்குப் பெரிய காரணம்.

யாழ்ப்பாணத் தீவுப் பகுதியைப் பாருங்கள். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்கும் நம்மைப் போலவே குடிதண்ணீரும் போக்குவரத்தும் தீராத கவலை. நெடுந்தீவுக்காரர் யாழ்ப்பாணம் போக, குறிகட்டுவான் துறைவரை படகில் வந்து, பிறகுதான் பஸ் பிடிக்க வேண்டும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் ஊர்காவற்றுறைப் பகுதியினர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் வீட்டோடு சேர்த்து ஊர்ச் சங்கங்களையும் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

அங்கே எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் போட்டுக் குழப்புவதில்லை. வலை, படகு, மீன் விலை என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். ஒழுங்கை, கிணறு என்றால் கிராம அபிவிருத்திச் சங்கம். பெண்களுக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். பள்ளிக்கூட விஷயம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில். பத்திரிகை படிக்கவும் பொதுவாகக் கூடவும் சனசமூக நிலையம். அது பிரதேச சபையில் பதிவு செய்யப்படுவது. எந்தக் குறையை எந்தக் கதவில் தட்டுவது என்று ஊருக்கே தெரியும்.

சங்கம் எத்தனை இருந்தாலும் அதே நாலு பேர் எல்லாவற்றிலும் பதவி பிடித்துக்கொண்டால் பயனில்லை. ஆகவே நம் டிவிஷனில் கூடும்போது இவற்றைக் கவனிப்போம்.

1. ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம். தண்ணீருக்கென்று கூடினால் தண்ணீரை மட்டும் பேசுவோம். மற்றதைக் குறித்துவைத்து அடுத்த கூட்டத்துக்கு எடுப்போம்.

2. நேரம் முக்கியம். கொழுந்தெடுத்து வந்த பெண்ணுக்கு மாலையில் அடுப்பு காத்திருக்கிறது. அவர் வரமுடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "பொம்பளைங்க வர்றதில்ல" என்று சொல்வது நியாயமா?

3. நடத்துபவர் தானே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. எல்லாருக்கும் முறை கொடுக்க வேண்டும். ஒருமுறை பேசியவர், மற்றவர் பேசி முடியும்வரை பொறுக்க வேண்டும்.

4. குறையைப் பேசலாம், ஆளைப் பேசக்கூடாது. பழைய சண்டை, குடும்பக் கதை, கட்சி, தொழிற்சங்கப் போட்டி வந்தால் நடத்துபவர் தயங்காமல் நிறுத்தட்டும்.

5. எழுதாத பேச்சு காற்றோடு போகும். திகதி, வந்தவர்கள், எடுத்த முடிவு, அதைச் செய்யப் பொறுப்பேற்றவர் பெயர் எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கட்டும். படித்த பிள்ளைகள் இதற்கு உதவலாம். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும்.

இது இப்போது ஏன் அவசியம்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இருந்த நிலையில், தோட்டத்துக்குள் பாதை, தண்ணீர் போன்ற வேலைகளைச் செய்யச் சபைகளுக்குத் தடை இருந்தது. வாக்குப் போட்டோம், ஆனால் சேவை கேட்க முடியவில்லை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. ஆனாலும் கேட்காமல் யாரும் கொண்டுவந்து தரப்போவதில்லை. "தலைவர் பாத்துக்குவாரு" என்று இருந்தால், இருந்த இடத்திலேயே இருப்போம். எந்த லயம், எத்தனை குடும்பம், எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்று கூடிப் பேசி, எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுக்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது சுலபமல்ல.

ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும். இந்த மாதமே ஒரு விஷயத்தை எடுத்துத் தொடங்குவோம்.