வலி நீடிக்கும்போது மனத்திற்கும் மருத்துவம்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் உள்ள முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் ஆகிய ஊர்களில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். மடியில் தட்டு, அதில் வெட்டிய இலை, தூள், நூல். தரையில் அமர்ந்து, தலை குனிந்து, பல மணி நேரம் விரல்கள் ஓயாமல் இயங்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கிடைப்பதால், இடையில் எழுந்து நடக்கவும் மனம் வராது. கழுத்து, தோள், முதுகு வலி இவர்களிடையே சாதாரணம்.

சிலருக்கு இவ்வலி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. எக்ஸ்ரே படத்திலோ பெரிய கோளாறு எதுவும் தெரிவதில்லை. "எல்லாம் ஒன் நெனப்புதான்" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். இது சரியா? இல்லை என்கிறது அறிவியல்.

வலியின் மடை

முழங்கை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம். வலி சற்றுக் குறைகிறது. ஏன்? 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். கன்னடியன் கால்வாயின் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். திறப்பதற்கேற்பவே வயலுக்கு நீர் பாயும். தண்டுவடத்திலும் வலிச் செய்திக்கு இத்தகைய மடை உண்டு என்றனர் அவர்கள். தேய்க்கும்போது எழும் தொடு உணர்வு அம்மடையைச் சிறிது அடைக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதைத் திறக்கவோ அடைக்கவோ வல்லவை. பிந்தைய ஆய்வுகள் இவ்விளக்கத்தின் நுட்பங்களைத் திருத்தின. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாட்பட்ட வலி எனப்படும். இதில் பலருக்கு நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடுகிறது. சிறு அசைவும் பெருவலியாகிறது. அச்சம், கவலை, தூக்கமின்மை ஆகியவை மடையை மேலும் திறந்துவிடுகின்றன. வலிக்குப் பயந்து அசையாதிருந்தால் தசைகள் தளர்கின்றன, வலி கூடுகிறது, வருமானம் குறைகிறது, கவலை பெருகுகிறது. இது ஒரு சுழல்.

என்ன செய்யலாம்?

முதலில், வலி உண்டு என்பவரை நம்ப வேண்டும். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய விளக்கத்திலும் இதை வலியுறுத்தியுள்ளது.

அடுத்து, வேலையைப் பகுத்துச் செய்தல். வலி தாங்காதபோது நிறுத்துவதைவிட, கடிகாரம் பார்த்து அவ்வப்போது எழுந்து நடப்பது நல்லது. மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி உடல் இறுக்கத்தைத் தளர்த்தும். 'இனி என்னால் ஒன்றும் ஆகாது' என்ற எண்ணத்தை உளவியலாளர் துணையுடன் ஆராய்ந்து மாற்றிக்கொள்ளலாம். இம்முறைகள் வலியை அடியோடு போக்கிவிடா. ஆயினும் வலி, முடக்கம், மனவேதனை மூன்றையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மனநலப் பிரிவுக்குச் செல்வதால் ஒருவர் 'பைத்தியம்' ஆகிவிடுவதில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில் (எண் 14416) தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

கை கால் மரத்தல், திடீர் பலவீனம், காய்ச்சல், சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை வலியுடன் தோன்றினால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

குனிந்த கழுத்துக்கு ஓய்வில்லாமல் மனத்திற்கு மட்டும் ஆறுதல் சொல்வது அரை வைத்தியமே. முதுகுக்குச் சாய்மானம், வேலைக்கு நடுவே ஓய்வு, அதற்கு இடம் தரும் கூலி இவையும் சேர்ந்ததே முழு மருத்துவம்.